சைக்கிளும் கிராம சபையும்

அரசியல் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மில் பலருக்குத் தேர்தல் மேடையும் ஒலிபெருக்கியும் நினைவுக்கு வரும். அரசியலை ஒரு சாஸ்திரமாகப் பயிலும் மாணவருக்கோ வேறொன்று நினைவுக்கு வர வேண்டும். "இன்ன காரணத்தால் இன்னது நிகழ்ந்தது" என்று ஒருவர் கூறும்போது, "அதை எவ்வாறு அறிந்தீர்கள்?" என்று நிதானமாகக் கேட்கும் பழக்கமே அது. அந்தக் கேள்விக்கு விடை தேடும் முறைக்கு ஆராய்ச்சித் திட்டம் என்று பெயர். அத்திட்டத்தின்படி திரட்டிய எண்களை எடைபோடும் கலைக்குப் புள்ளியியல் என்று பெயர். இவ்விரண்டும் நகரத்துப் பல்கலைக்கழகங்களுக்கே உரியவை என்று எண்ண வேண்டியதில்லை. புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமச் சாலைகளில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியைக் கொண்டே அவற்றை விளங்கிக்கொள்ளலாம்.

புதுக்கோட்டை 1948-ஆம் ஆண்டு மார்ச் மாதம் வரை தனிச் சமஸ்தானமாக இருந்தது. பின்னர்ச் சென்னை மாகாணத்தோடு இணைந்து, 1974-இல் தனி மாவட்டமாயிற்று. ஏரி குளங்களை நம்பிய வறண்ட பூமி. இங்கே 1991-ஆம் ஆண்டளவில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுத்தறியாத பெரியவர்களுக்கு எழுத்தும் எண்ணும் கற்பிக்க ஆயிரக்கணக்கான தொண்டர்கள் முன்வந்தனர். அப்போது மாவட்ட ஆட்சித் தலைவராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்கள், எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டவும் பெண்களுக்குக் கற்பிக்க ஊக்கமளித்தார். சில மாதங்களில் சாலைகளின் தோற்றமே மாறிற்று. விவசாயக் கூலிப் பெண்களும், கல்குவாரித் தொழிலாளிகளும், கிராமச் செவிலியரும், பள்ளி ஆசிரியைகளும் சைக்கிளில் செல்லலாயினர். 1992-ஆம் ஆண்டு மகளிர் தினத்தன்று ஆயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகரில் சைக்கிள் ஊர்வலம் சென்றார்கள். மாவட்டத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் சைக்கிள் கற்றனர் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதி, அது உலகெங்கும் படிக்கப்பட்டது.

இதன் பின் இந்திய அரசியல் சட்டத்தின் 73-ஆவது திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் 1994-இல் புதிய ஊராட்சிச் சட்டம் பிறந்தது. 1996-இல் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. கிராம சபையில் பெண்கள் எழுந்து பேசும் காட்சி மெல்ல மெல்லப் பழக்கமாயிற்று. இனி நம் கேள்வி இதுதான்: சைக்கிள் கற்றதனால் பெண்களின் அரசியல் துணிவு வளர்ந்ததா?

"வளர்ந்தது, இதில் ஐயமென்ன?" என்று ஒருவர் சொல்லலாம். "சைக்கிளுக்கும் அரசியலுக்கும் என்ன உறவு?" என்று மற்றொருவர் கேட்கலாம். இருவரும் தத்தம் மனத்தில் தோன்றியதைக் கூறுகின்றனரேயன்றிக் கண்டறிந்ததைக் கூறவில்லை. கண்டறிய வேண்டுமாயின் மூன்று படிகளைக் கடக்க வேண்டும்.

முதற்படி அளவை. அரசியல் துணிவு என்பது துணியைப் போல முழம் போடத்தக்க பொருளன்று. ஆதலின் கண்ணால் காணவும் எண்ணவும் கூடிய ஓர் அடையாளத்தை நாம் தேர்ந்தெடுக்க வேண்டும். வாக்களிப்பதை அளவாகக் கொள்ளலாமா? தமிழ்நாட்டில் சைக்கிள் அறியாத பெண்களும் பெருந்திரளாக வாக்களிக்கின்றனர். எனவே அது இங்கே அதிகம் உதவாது. கிராம சபைக் கூட்டத்திற்கு வந்தாரா என்று பார்க்கலாம். ஆனால் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து இருப்பதும், கூட்டத்தில் வாய் திறந்து குடிதண்ணீர்க் குழாயைப் பற்றிக் கேட்டதும் ஒன்றல்ல. திங்கட்கிழமை தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் குறைதீர்க்கும் கூட்டத்திற்குத் தாமே சென்று மனுக் கொடுத்தாரா என்பது இன்னும் நல்ல அடையாளம். ஒரே அளவை நம்பாமல் இரண்டு மூன்றைச் சேர்த்துக் கொள்வது விவேகம்.

எண் கிடைத்துவிட்டது என்பதற்காக அதை அப்படியே நம்பிவிடவும் கூடாது. சாய்நாத் எழுதியதிலேயே இதற்கு ஓர் அழகிய உதாரணம் உண்டு. பெண்களுக்கான சைக்கிள் விற்பனை ஒரே ஆண்டில் 350 சதவீதத்துக்கு மேல் உயர்ந்ததாக ஒரு வியாபாரி அவரிடம் கூறினார். அந்த எண்ணும் உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும் என்று அவர் கருதினார். காரணங்கள் இரண்டு. பெண்கள் சைக்கிள் வந்து சேரும்வரை காத்திராமல் பலர் ஆண்கள் சைக்கிளையே வாங்கிவிட்டனர். அவை இந்தக் கணக்கில் வரவில்லை. மேலும், கேள்வி கேட்பவர் விற்பனை வரி அதிகாரியாக இருக்கக்கூடுமோ என்ற அச்சம் வியாபாரிக்கு இருந்தது. எதை எண்ணினோம், எது எண்ணப்படாமல் போயிற்று, சொன்னவருக்கு அப்படிச் சொல்ல என்ன காரணம் இருந்தது என்னும் மூன்று வினாக்களும் இந்த ஒரு சிறு செய்தியில் அடங்கியுள்ளன.

இரண்டாம் படி ஒப்பீடு. ஆராய்ச்சியின் உயிர்நாடி இதுவே. சைக்கிள் கற்ற பெண்களையும் கல்லாத பெண்களையும் அருகருகே நிறுத்திப் பார்க்கிறோம் என்று கொள்வோம். கற்றவர்களே கிராம சபையில் அதிகம் பேசுகின்றனர். உடனே சைக்கிளுக்கு மாலை சூட்டிவிடலாமா? கூடாது. ஊரார் கேலி செய்வார்கள் என்று தெரிந்தும் முதல்நாளே சைக்கிளைப் பிடித்தவர் யார்? இயல்பாகவே துணிவு மிக்கவர் அல்லவா? அவர் சைக்கிள் கல்லாமல் இருந்திருந்தாலும் கூட்டத்தில் பேசியிருப்பார். இங்கே சைக்கிள் துணிவை வளர்த்ததா, துணிவு சைக்கிளைத் தேடிப் போயிற்றா என்று பிரித்தறிய வழியில்லை. இரண்டு பொருள்கள் சேர்ந்தே காணப்படுவதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது.

அப்படியானால் அதே பெண்களின் நிலையை முன்னும் பின்னும் பார்த்தால் என்ன? அதிலும் ஒரு சிக்கல் உண்டு. அந்த ஆண்டுகளில் மாறியது சைக்கிள் மட்டுமன்று. எழுத்தறிவு வந்தது. கல்குவாரிகள் பெண் தொழிலாளர் குழுக்களுக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. கையில் வருமானம் வந்தது. பிறகு ஒதுக்கீடும் வந்தது. இத்தனையும் ஒரே காலத்தில் நிகழ்ந்திருக்கையில், விளைவு முழுவதையும் ஒன்றின் கணக்கில் எழுதுவது நியாயமாகாது.

இந்த முடிச்சை அவிழ்க்க ஆராய்ச்சியாளர் கையாளும் எளிய வழி ஒன்றைக் கற்பனை எண்களால் விளக்குகிறேன். சைக்கிள் பயிற்சி நடந்த சில ஊர்களில், நூறு பெண்களுக்குப் பத்துப் பேர் முன்பு கிராம சபைக்கு வந்தனர். பின்பு இருபத்தைந்து பேர் வந்தனர். வளர்ச்சி பதினைந்து. பயிற்சி நடவாத அண்டை ஊர்களிலோ முன்பு எட்டுப் பேர் வந்தனர். பின்பு பதினெட்டுப் பேர் வந்தனர். அங்கும் வளர்ச்சி பத்து. சைக்கிள் இல்லாமலே பத்து உயர்ந்திருப்பதால், பதினைந்தில் பத்தைக் கழித்து எஞ்சும் ஐந்தையே பயிற்சியின் பயன் என்று கருத இடமுண்டு. வித்தியாசத்தின் வித்தியாசம் என்று இதைச் சொல்லலாம். இதற்கும் ஒரு நிபந்தனை உண்டு: பயிற்சி இல்லாதிருந்தால் இருவகை ஊர்களும் ஒரே வேகத்தில் வளர்ந்திருக்கும் என்று நம்பத்தக்க காரணம் வேண்டும். அதற்காகப் பயிற்சிக்கு முந்திய ஆண்டுகளின் போக்கையும் ஆராய்ச்சியாளர் தேடிப் பார்க்கிறார்.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. பீகார் மாநிலத்தில் 2006-ஆம் ஆண்டு முதல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவியருக்குச் சைக்கிள் வாங்க அரசாங்கம் பணம் கொடுத்தது. கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்னும் இரு பொருளாதார அறிஞர்கள் இதன் பயனை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டனர். பீகாரில் மாணவியர் சேர்க்கை உயர்ந்ததை மட்டும் பார்த்து அவர்கள் திருப்தியடையவில்லை. அதே பீகாரில் சைக்கிள் பெறாத மாணவர்களோடு ஒப்பிட்டனர். பிறகு அந்த வித்தியாசத்தை, 2000-ஆம் ஆண்டுவரை பீகாரின் பகுதியாகவே இருந்த ஜார்க்கண்டில் காணும் வித்தியாசத்தோடு ஒப்பிட்டனர். உயர்நிலைப் பள்ளியில் பெண்களின் சேர்க்கை 32 சதவீதம் உயர்ந்தது என்றும், ஆண் பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்தது என்றும் கண்டனர். பள்ளி தொலைவில் உள்ள ஊர்களிலேயே பயன் மிகுதியாக இருந்தது. சைக்கிள்தான் காரணமாயின் தூரத்து ஊரில்தானே பயன் மிகவேண்டும்? இவ்வாறு ஒரு காரணத்தை வேறொரு பக்கத்திலிருந்தும் சோதித்துப் பார்ப்பது நல்ல ஆராய்ச்சியின் இலக்கணம்.

ஒப்பீட்டுக்கு இன்னும் உறுதியான வழியொன்று உண்டு. அது குலுக்கல். இதைத் தமிழர்க்குப் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. உத்திரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறையைக் கூறுகின்றன. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். எடுக்கும் கைக்கு வேண்டியவர் வேண்டாதவர் என்ற பேதமில்லை. அன்று அது நடுநிலைக்காகச் செய்யப்பட்டது. இன்றைய ஆராய்ச்சியாளர் அதே நடுநிலையை வேறொரு நோக்கத்துக்குப் பயன்படுத்துகின்றனர். அறுபது ஊர்கள் ஒரு பயிற்சியை விரும்புகின்றன. இவ்வாண்டு முப்பது ஊர்களுக்கே பணம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சீட்டுக் குலுக்கி முப்பதைத் தேர்ந்தெடுத்தால், துணிந்த ஊர், செல்வாக்குள்ள ஊர், சாலை வசதியுள்ள ஊர் எல்லாம் இரு பக்கமும் ஏறக்குறையச் சமமாகவே பிரியும். பின்னர்த் தோன்றும் வேற்றுமை, தற்செயலின் பங்கு நீங்கலாக, பயிற்சியினால் விளைந்தது என்று துணிந்து கூறலாம்.

அரசியலில் இது நடக்குமா என்று கேட்கலாம். ஊராட்சி ஒதுக்கீட்டின் வாயிலாகவே நடந்திருக்கிறது. மேற்கு வங்காளத்தின் பீர்பூம் மாவட்டத்தில் எந்த ஊராட்சியின் தலைமை பெண்ணுக்கு என்பது, வரிசை எண்ணில் மூன்றுக்கு ஒன்று என்ற விதியால் அமைந்தது. ஊரின் குணத்திற்கும் அந்த எண்ணுக்கும் உறவில்லை. ஆகவே அது குலுக்கலுக்கு நிகர். ராகவேந்திர சட்டோபாத்யாய, எஸ்தர் டூஃப்ளோ இருவரும் அங்கும் ராஜஸ்தானத்தின் உதயப்பூரிலுமாக 265 ஊராட்சிகளை ஆராய்ந்து 2004-இல் முடிவை வெளியிட்டனர். பெண் தலைமையில் இருந்த ஊராட்சிகள் இரு இடங்களிலும் குடிநீருக்கு அதிகம் செய்திருந்தன. சாலை விஷயத்திலோ இரண்டு இடங்களும் வேறுபட்டன. வங்காளத்தில் சாலை வேலை மிகுந்தது, ராஜஸ்தானத்தில் குறைந்தது. வங்காளத்தில் பெண்கள் சாலையை வேண்டினர். ராஜஸ்தானத்தில் அதை மிகுதியாக வேண்டியவர்கள் ஆண்கள். எனவே தலைவியர் தம் ஊர்ப் பெண்கள் கேட்டதைச் செய்தனர் என்பது தெளிவாயிற்று. "கணவன்மாரே ஆளுகிறார்கள்" என்ற பொதுப் பேச்சுக்கு இது எண்களால் அளித்த விடை. ஆயினும் இதை அப்படியே புதுக்கோட்டைக்குப் பெயர்த்து எழுதக் கூடாது. ஒதுக்கீடு எந்த விதியால் எந்த ஊருக்குப் போயிற்று என்பதை ஒவ்வொரு மாநிலத்திலும் முதலில் கேட்டறிய வேண்டும். மக்கள்தொகைக் கணக்கைப் பார்த்து ஒதுக்கியிருந்தால் அது குலுக்கலாகாது.

மூன்றாம் படி, யாரைக் கேட்பது என்பது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி புதுக்கோட்டை மாவட்டத்தில் பெண்கள் 8,15,157 பேர். ஆண்கள் 8,03,188 பேர். அத்தனை பேரையும் கேட்க இயலாது. கேட்கத் தேவையும் இல்லை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம்மவர் வாக்கு. ஆனால் பானையை நன்றாகக் கிளறியிருந்தால்தான் அந்தப் பழமொழி பலிக்கும். அடியில் கருகியிருக்க, மேலே ஒரு பருக்கையை எடுத்துப் பார்த்தால் என்ன தெரியும்?

அமெரிக்காவில் 1936-ஆம் ஆண்டு நடந்தது இதுவே. லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை ஏறக்குறைய ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கு மேற்பட்ட சீட்டுகள் திரும்பி வந்தன. லாண்டன் வெல்வார் என்று பத்திரிகை அறிவித்தது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். பத்திரிகை பெயர்களை எடுத்த பட்டியல்களில் டெலிபோனும் மோட்டாரும் வைத்திருந்தோரே மிகுதி. அந்தப் பஞ்ச காலத்தில் ஏழைகளின் மனம் அவற்றில் இல்லை. மேலும், விரும்பியவர் மட்டுமே விடை எழுதினர். அதைவிட மிகக் குறைந்த பேரைக் கேட்ட ஜார்ஜ் கேலப் வெற்றியைச் சரியாகக் கணித்தார். குடத்தில் போடாத ஓலை ஒருநாளும் வெளியே வராது. உத்திரமேரூர்க் குடத்திலும் நிலமும் கல்வியும் உடையோரின் ஓலைகளே இருந்தன என்பதை இங்கே நினைவுகொள்ள வேண்டும். குலுக்கல் நேர்மையாக இருந்தால் மட்டும் போதாது. குடமும் நிறைந்திருக்க வேண்டும்.

எத்தனை பேரைக் கேட்பது? முறையாகக் குலுக்கி 100 பேரைக் கேட்டால், விடை உண்மையினின்று பத்துச் சதவீதம் அளவுக்கு முன்பின்னாக இருக்கலாம். 400 பேரானால் ஐந்து சதவீதம்; 1600 பேரானால் இரண்டரை சதவீதம். நூறு முறை இவ்வாறு செய்தால் ஏறக்குறைய 95 முறை இந்த எல்லைக்குள் நிற்கும் என்பதே இதன் பொருள். பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு பேரைக் கேட்க வேண்டும். மக்கள்தொகை எட்டு லட்சமானாலும் எண்பது லட்சமானாலும் இக்கணக்கு பெரும்பாலும் மாறாது. நாம் மேலே கற்பனையாகக் கண்ட ஐந்து என்ற வித்தியாசத்தை இப்போது திரும்பிப் பாருங்கள். நூறு பேரைக் கேட்டுக் கண்ட ஐந்து வெறும் தற்செயலாகவும் இருக்கலாம். ஆகவே எந்த முடிவோடும் அதன் பிழை எல்லையைச் சேர்த்தே கூறுவது புள்ளியியலாரின் ஒழுக்கம்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 13 ஊராட்சி ஒன்றியங்களும் பல நூறு கிராம ஊராட்சிகளும் உள்ளன. 400 பெண்களைக் கேட்க விரும்பும் மாணவர் நான்கு ஊர்களில் நூறு நூறு பேரைக் கேட்டால் போதாது. ஓர் ஊரார் பலவகையில் ஒத்திருப்பார்கள். நூறு பேரைக் கேட்டும் சில பேரைக் கேட்ட அளவே புதுச் செய்தி கிடைக்கும். நாற்பது ஊராட்சிகளைக் குலுக்கி, ஊருக்குப் பத்துப் பெண்களை வாக்காளர் பட்டியலிலிருந்து குலுக்கி எடுப்பது நலம். பகலில் மட்டும் சென்றால் வயல் வேலைக்குப் போனவர்கள் விடுபட்டுப் போவார்கள். ஆதலின் மாலையிலும் செல்ல வேண்டும். மாமியாரும் கணவரும் சூழ நிற்கையில், "கூட்டத்தில் பேசுவீர்களா?" என்று கேட்டால் உண்மை விடை வருமா? தனியே, அவர் சம்மதத்தோடு, பெயரை வெளியிடுவதில்லை என்ற உறுதியோடு கேட்க வேண்டும். நம் நாட்டில் மகலநோபிஸ் முதலிய அறிஞர்கள் வழிகாட்ட, 1950-இல் தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு, குறைந்த பேரைச் செவ்வனே கேட்பதன் அருமையை உலகுக்கே காட்டியது.

இத்தனை பாடுபட்டு என்ன பயன் என்று நீங்கள் எண்ணலாம். பெண்களுக்குத் துணிவு தந்தது வருமானமாக இருந்து, நாம் சைக்கிளே காரணம் என்று நம்பினால், அடுத்த மாவட்டத்துக்குச் சைக்கிள்கள் மட்டும் போய்ச் சேரும். குவாரிக் குத்தகை போகாது. சைக்கிள் உண்மையாகவே காரணமாக இருந்து, ஆதாரமில்லை என்று நாம் அலட்சியம் செய்தால், பயிற்சிக்கான பணம் அடுத்த ஆண்டே நின்றுவிடும். இருவகைத் தவறுக்கும் விலை கொடுப்பவர்கள் ஆராய்ச்சியாளர்கள் அல்லர். தலையில் தண்ணீர்க்குடத்தோடு நடக்கும் பெண்களே.

ஒன்றை மட்டும் மறந்துவிடலாகாது. புதுக்கோட்டையில் அந்தப் பெருமுயற்சி நடந்தபோது பயிற்சி பெறாத ஊர்களை முன்கூட்டியே குறித்துவைத்து எவரும் குலுக்கல் நடத்தவில்லை. அது ஓர் இயக்கம், சோதனைச்சாலையன்று. எனவே சைக்கிள் மட்டும் எவ்வளவு செய்தது என்பதை இன்று துல்லியமாகப் பிரித்தெடுப்பது கடினம். அதனால் அப்பெண்கள் அடைந்த விடுதலை பொய்யாகிவிடாது. பேருந்துக்குக் காத்திராமல், பிள்ளையை முன்பக்கக் கம்பியில் அமர்த்தித் தாமே ஓட்டிச் சென்றது கண்கூடு. அதற்குப் புள்ளிவிவரம் தேவையில்லை. வேறோர் ஊரில் எதைச் செய்வது என்று தீர்மானிக்கும்போதுதான் அது தேவைப்படுகிறது.

மாணவ நண்பர்களே, உங்கள் ஊரிலும் குடியரசு நாளன்றும் சுதந்திர நாளன்றும் கிராம சபை கூடுகிறது. ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போய் அமருங்கள். எத்தனை பெண்கள் வந்தனர், எத்தனை பேர் பேசினர், எதைப் பற்றிப் பேசினர், விடை கிடைத்ததா என்று எழுதுங்கள். உங்கள் நண்பர் அண்டை ஊரில் அதையே, அதே முறையில் எழுதட்டும். அடுத்த கூட்டத்திலும் எழுதுங்கள். ஓர் ஊரின் ஒரு நாள் கணக்கு வெறும் செய்தி. இரண்டு ஊர்களின் பல நாள் கணக்கு கைக்கு வந்ததும், அவற்றை எதனோடு எதை ஒப்பிடுவது என்று நீங்களே கேட்கத் தொடங்குவீர்கள். ஆராய்ச்சி அங்கேதான் தொடங்குகிறது.